ஷிமானேயில் ஐந்து நாள்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



இந்த உரைக்காக என்னை அழைத்தபோது சங்கச் செயலாளர் ஒரு நிபந்தனை விதித்தா. "டொக்டர், இந்த முறை வருத்தங்களைப் பற்றிக் கதைக்க வேண்டாம்." சென்ற தடவை நான் நீரிழிவைப் பற்றிப் பேசி முடித்த பிறகு தேநீர் மேசையில் றோல்ஸும் கேக்கும் அப்படியே மிஞ்சிப்போயினவாம். ஆகவே இன்று ஒரு பயணக் கதை. ஆனாலும் மகப்பேற்று விடுதிகளில் ஏறக்குறைய இருபது வருடம் நின்ற ஒருத்தி எங்கே போனாலும் தன் தொழிலையும் காவிக்கொண்டுதான் போவாள். அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடச் சித்திரை விடுமுறையில் நாங்கள் ஐந்து பேர் யப்பானுக்குப் போனோம். நான், கணவர், பதினைந்து வயது மகள், ஒன்பது வயது மகன், எழுபத்துமூன்று வயதான என் அம்மா. அம்மாவும் இந்தப் பாடசாலையின் பழைய மாணவிதான். கணவர் நிலவியல் படிப்பிப்பவர். கல்லைக் கண்டால் மனிசரை மறந்துவிடுவார். ஒசாகாவில் அவருக்கு ஒரு மாநாடு இருந்தது. அது முடிய ஐந்து நாள் மிச்சம். பிள்ளைகள் தோக்கியோ கேட்டார்கள். அவர் கேட்டது ஷிமானே. வழக்கம்போலக் கல்லே வென்றது.

ஷிமானே யப்பானின் மேற்குப் பக்கம், கொரியாவைப் பார்த்தபடி கிடக்கும் ஒரு மாகாணம். சனத்தொகையில் நாட்டிலேயே கடைசிக்கு முதலாவது. ஒக்காயாமாவிலிருந்து 'யாக்குமோ' என்ற கடுகதி றெயில் மலைகளை ஊடறுத்து, ஆற்றை இடமும் வலமுமாக மாற்றிக்கொண்டு, இரண்டரை மணித்தியாலத்துக்கு மேல் ஓடி மட்சுயே நகரில் விடுகிறது. வயல்கள், கறுப்பு ஓட்டுக் கூரைகள், கூனிய முதுகோடு தோட்டத்தில் நிற்கும் ஆச்சிமார். "இது எங்கட ஊர்தானே பிள்ளை, பனை மட்டும்தான் இல்லை" என்றா அம்மா. அவவின் பையில் பருத்தித்துறை வடை, மிளகாய்த்தூள், ஒரு சின்னப் போத்தல் எலுமிச்சங்காய் ஊறுகாய் இருந்தன. வெள்ளிக்கிழமை மச்சம் தொடாத ஒருவருக்கு யப்பானில் சாப்பாடு தேடுவது லேசான காரியமல்ல. வெறும் நூடில்ஸ் என்று தரும் கோப்பைக்குள்ளும் மீன் அவித்த சாறு இருக்கும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். "குகையும் புத்த கோயிலும் பாக்கப் போறம்" என்று நான் சொன்னதும் அம்மாவின் முகம் மாறியது. எங்களில் பலருக்குப் புத்தர் சிலை என்றதும் முதலில் மனதில் வருவது பக்தியல்ல. இந்த மண்டபத்தில் அதற்கு விளக்கம் தேவையில்லை. அம்மா "நீங்கள் போய்ப் பாருங்கோ, நான் வெளியில இருக்கிறன்" என்றா.

முதலில் போனது இவாமி கின்சான் என்ற பழைய வெள்ளிச் சுரங்கத்துக்கு. 16ஆம் நூற்றாண்டில் தோண்டத் தொடங்கி 1923இல் மூடிய சுரங்கம் அது. ஒரு காலத்தில் உலகத்து வெள்ளியில் மூன்றிலொரு பங்கு யப்பானிலிருந்து போனதாகவும், அதில் பெரும்பகுதி இந்த மலைகளிலிருந்து வந்ததாகவும் சொல்வார்கள். 2007இல் யுனெஸ்கோ இதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அறுநூறுக்கு மேற்பட்ட சுரங்க வாய்கள் அந்தக் காட்டுக்குள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் இப்போது பன்னமும் பாசியும்தான். ஓமோரி என்ற கிராமத்திலிருந்து இரண்டு கிலோமீற்றருக்கு மேல் ஓடைக்கரையால் நடந்தால், உள்ளே போகக்கூடிய ரியூகென்ஜி என்ற சுரங்கம் வரும். ஒரு ஆள் அளவுதான் வாசல். சுவரில் உளி கொத்திய தடங்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன. வெள்ளி நாளத்தைத் துரத்திக்கொண்டு பக்கவாட்டில் போகும் கிளைச் சுரங்கங்களுக்குள் என் மகன்கூட நிமிர்ந்து நிற்கமுடியாது. பெரிய கடற்சிப்பியின் ஓட்டுக்குள் எண்ணெய் ஊற்றித் திரி போட்டு, அந்த வெளிச்சத்தில் வேலை செய்திருக்கிறார்கள்.

கணவர் கல்லைத் தடவிக்கொண்டு நிற்க, நான் மூச்சைப் பற்றி யோசித்தேன். கல்தூசியும் எண்ணெய்ப் புகையும் நாள் முழுக்க நெஞ்சுக்குள் போனால் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். முப்பது வயதைக் கண்ட சுரங்கத் தொழிலாளிக்கு, மற்ற ஊர்களில் அறுபதாம் கலியாணம் செய்வதுபோல, சிவப்புப் பயறு போட்ட சோறும் மீனும் வைத்துக் கொண்டாடினார்களாம். 1850களில் இந்த நோய்க்கு வழி தேட ஒரு மருத்துவரை வெளியூரிலிருந்து வரவழைத்திருக்கிறார்கள். அவர் சுரங்கத்துக்குள் காற்று அனுப்பும் வழிகளோடு ஒரு முகமூடியும் செய்தார். கம்பிச் சட்டம், மெல்லிய பட்டு, நடுவில் உமே என்ற புளிப்புப் பழத்தின் சதை. ஈரமான சதையில் தூசி ஒட்டிக்கொள்ளும். புளிப்பை நினைத்தாலே வாயூறும், தொண்டை வறளாது. கொவிட் காலத்தில் முகக்கவசத்துக்கு அலைந்த எனக்கு அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடவேண்டும் போல இருந்தது.

அந்தச் சுரங்கத்தில் செத்தவர்களுக்காகக் கட்டியதுதான் ஓமோரியில் உள்ள ரகன்ஜி கோயில். ஓடைக்கு அப்பால் பாறையில் மூன்று குகைகள் குடைந்திருக்கிறார்கள். வளைந்த கல்பாலங்களைக் கடந்து போகவேண்டும். நடுக் குகையில் புத்தர். இரு பக்கத்துக் குகைகளிலும் அவருடைய சீடர்களான அருகதர்கள். மொத்தம் 501 கற்சிலைகள். இருபத்தைந்து வருடம் செதுக்கி 1766இல் முடித்தார்கள். முழங்கால் உயரமுள்ள அந்தச் சிலைகளில் ஒன்று போல மற்றொன்று இல்லை. ஒருவர் சிரிக்கிறார், ஒருவர் வானத்தைப் பார்க்கிறார், ஒருவர் பக்கத்தில் இருப்பவரோடு ஏதோ வம்பளக்கிறார். இப்படிப்பட்ட ஐந்நூறு அருகதர்கள் இருக்கும் இடத்தில் தேடினால் உங்களை விட்டுப்போனவரின் முகம் ஒன்று கட்டாயம் அகப்படும் என்பது யப்பானியரின் நம்பிக்கை.

வெளியில் இருப்பேன் என்ற அம்மா மகனின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டா. பாலத்தின் படிகள் அவனுக்கு வழுக்குமாம். இடப்பக்கக் குகையில் மூன்றாம் வரிசையில் இருந்த ஒரு வழுக்கைத் தலையரைக் காட்டி, "உங்கட தாத்தா பேப்பர் வாசிக்கேக்கை இப்பிடித்தான் இருப்பார்" என்றா. என் அப்பா அப்படித்தான் இருப்பார். பிறகு ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றா. கடைசி பஸ்ஸை அன்று தவறவிட்டிருப்போம்.

அந்தக் கிராமத்தில் நானூறு பேரளவில்தான் இருக்கிறார்கள். அப்படியிருந்தும் அங்கே செயற்கைக் கை, கால், மார்பகம் செய்யும் ஒரு நிறுவனம் 1974 முதல் இயங்குகிறது. பழைய வீடுகளை வாங்கித் திருத்தி ஊரையும் காப்பாற்றுகிறது. செயற்கைக் கால்களின் தேவையை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்பதால் இதைக் குறிப்பிட்டேன்.

நான்காம் நாள்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த குகை.

மட்சுயேயிலிருந்து முக்கால் மணித்தியாலத்துக்குள் கடற்கரையில் ககா என்றொரு மீன்பிடிக் கிராமம் வரும். மகன் அதற்குக் 'காக்கா ஊர்' என்று பெயர் வைத்தான். அங்கிருந்து படகில் இரண்டு கடற்குகைகளுக்குக் கூட்டிப்போகிறார்கள். காற்று எழும்பினால் படகு விடமாட்டார்கள். 1890இல் மட்சுயேக்கு ஆங்கிலம் படிப்பிக்க வந்து, பிறகு யப்பானியப் பெண்ணை மணந்து கொய்சுமி யாக்குமோ என்று பெயரையும் மாற்றிக்கொண்ட லஃப்காடியோ ஹேர்ன் இந்தக் குகைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். மூன்று மயிர் அசையுமளவு காற்றிருந்தாலும் ககாவுக்குப் போகக்கூடாது என்பது அவர் கேட்ட ஊர்ப்பேச்சு. எங்கள் நாளில் அம்மாவின் சேலைத் தலைப்புகூட அசையவில்லை.

முதற் குகைக்குள் படகோடேயே நுழையலாம். இருநூறு மீற்றரளவு நீளம்; தண்ணீர் பச்சைக் கண்ணாடி. இது ஒரு தெய்வம் பிறந்த இடம். தாய்த் தெய்வம் இருட்டாய் இருக்கிறதென்று பொன் அம்பொன்றை எய்ய, அது பாறையைத் துளைத்து வெளிச்சம் வந்ததாம். எட்டாம் நூற்றாண்டு ஏடொன்றிலேயே இந்தக் கதை இருக்கிறது. பிரசவ அறையில் வேலை செய்பவர்கள் இந்தக் கதைக்குச் சிரிக்கமாட்டோம். இருட்டு வழி, அந்தப் பக்கம் வெளிச்சம்.

மற்றக் குகையில் இறங்கி நடக்கவேண்டும். உள்ளே போகக் கண்ணுக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு பார்த்தால் நிலமெல்லாம் சின்னச் சின்னக் கல் அடுக்குகள். ஐந்து கல், ஏழு கல், ஒன்றின் மேல் ஒன்றாக, நூற்றுக்கணக்கில். இடையில் பொம்மைகள், விளையாட்டுக் கார்கள், சிறுபிள்ளைச் செருப்புகள், சிவப்புத் துணி கட்டிய சிறு சிலைகள்.

பெற்றோருக்கு முதல் இறந்த பிள்ளைகள் மறு உலகத்தின் ஆற்றங்கரையைக் கடக்க முடியாமல் நிற்பார்கள். அங்கே தாய் தகப்பனுக்காகக் கல்லை அடுக்குவார்கள். பேய்கள் வந்து தட்டிவிடும். பிள்ளைகள் திரும்பவும் அடுக்குவார்கள். ஜிஸோ என்ற போதிசத்துவர் வந்து அவர்களைத் தன் அங்கியின் கைக்குள் ஒளித்துக் காப்பாற்றுவார். இதுதான் நம்பிக்கை. ஜிஸோவின் சமஸ்கிருதப் பெயர் க்ஷிதிகர்ப்பர். பூமியைக் கர்ப்பமாகக் கொண்டவர். கருவில் அழிந்த பிள்ளைக்கும் அவர்களிடம் ஒரு சொல் இருக்கிறது: மிசுகோ, நீர்ப்பிள்ளை. இந்த நம்பிக்கையை வைத்துப் பெண்களைப் பயமுறுத்திக் காசு பறித்த இடங்களும் யப்பானில் உண்டு, அதையும் வாசித்திருக்கிறேன். என்றாலும் ஒரு சொல் இருக்கிறதே. எங்களிடம் என்ன சொல் இருக்கிறது? 'அழிஞ்சு போச்சு', 'தங்கேல்லை', அவ்வளவுதான்.

தெரியவந்த கருத்தரிப்புகளில் ஏழில் ஒன்று அளவில் கருச்சிதைவில் முடிகிறது. உலகத்தில் வருடத்துக்கு ஏறத்தாழ 20 இலட்சம் பிள்ளைகள் இறந்தே பிறக்கின்றன. அந்தத் தாய்மாரில் பலரை, பிள்ளை பெற்ற மற்றத் தாய்மாருக்குப் பக்கத்துக் கட்டிலில்தான் கிடத்துகிறோம். இடமில்லை. வீட்டார் பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு போய் அடக்கிவிட்டு வருவார்கள். மூன்றாம் நாள் அவளுக்குப் பால் சுரக்கும். அதைப் பற்றி ஒருவரும் அவளுக்கு முன்கூட்டிச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

அம்மா குகைச் சுவரோரம் மெல்லக் குந்தினா. நாரி நோகிறதாக்கும் என்று நினைத்து நான் கிட்டப் போனேன். அவ கல் பொறுக்கிக்கொண்டிருந்தா. ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது நிற்கவில்லை. மகள் வந்து தட்டையான கல்லொன்று தேடிக் கொடுத்தாள்.

"ஆருக்கு அம்மம்மா?"

"உன்ர பெரிய மாமாவுக்கு."

எனக்கு ஒரு தம்பிதான். அண்ணன் இருந்ததில்லை என்றுதான் நாற்பது வருடத்துக்கு மேல் நினைத்திருந்தேன். எனக்கு மூன்று வருடம் முந்தி, நிறைமாதத்தில், அழாமல் பிறந்த பிள்ளை. "பாக்காதை, பாத்தால் மறக்கமாட்டாய்" என்று சொல்லிக் கொண்டுபோய்விட்டார்களாம். அப்பாவும் அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கதைக்கவில்லை. பார்க்காமலே மறக்கவில்லை என்று அம்மா சொன்னா. என்னிடமல்ல, மகளிடம். நான் இத்தனை வருடம் இதே தொழில் செய்கிறேன். எனக்குச் சொல்லவேண்டுமென்று அவவுக்குத் தோன்றவில்லை.

மகள் அடுத்ததாகப் பெயரைக் கேட்டாள். இருந்தது. அதை நான் இங்கே சொல்லவில்லை. அம்மா சொல்ல அனுமதித்தது மற்றவற்றை மட்டும்தான். "சொல்லு, அங்கை வாறதுகளில பாதிப் பேருக்கு என்ர வயசு" என்றா.

படகுக்காரர் நேரமாகிவிட்டதென்று கூப்பிடவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். திரும்பும்போது அம்மா படகில் வடைப் பையைத் திறந்து அவருக்கும் இரண்டு கொடுத்தா. உறைப்பில் அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

இனி ஒரு வேண்டுகோள். இந்தப் பாடசாலையில் மனையியல் ரீச்சரிடம் அடி வாங்கியாவது எல்லோரும் தைக்கவும் பின்னவும் பழகியிருக்கிறோம். இறந்து பிறக்கும் பிள்ளைகளுக்கும் குறைமாதப் பிள்ளைகளுக்கும் அளவான உடுப்பு எந்தக் கடையிலும் இல்லை. 24 வாரப் பிள்ளையின் நிறை 600 கிராமளவு. 28 வாரத்தில் ஒரு கிலோ. தாய் கையில் வாங்கிப் பார்க்க விரும்பினால் சுற்றிக் கொடுக்க எங்களிடம் இருப்பது சத்திரசிகிச்சைத் துணிதான். தலைச்சுற்று 20, 23, 26 சதமமீற்றரில் தொப்பிகள் வேண்டும். 50 சதமமீற்றர் சதுரத்தில் போர்வைகள் வேண்டும். மெல்லிய பருத்தி நூல் நல்லது. நிறம் உங்கள் விருப்பம், சிவப்பென்றாலும் சரி. வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊருக்கு வரும் யாரிடமாவது கொடுத்துவிடலாம். அளவுத் தாள்கள் என்னிடம் இருக்கின்றன. தேநீர் நேரம் வாசலோர மேசையில் இருப்பேன், அம்மாவும் இருப்பா. றோல்ஸ் சாப்பிடலாம், நான் பார்க்கமாட்டேன்.