மண் சரிந்த பிறகு வரும் நோய்
(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஐப்பசி மழை தொடங்கப்போகிறது. மீரியபெத்தையை நாம் மறக்கவில்லை. 2014 ஒக்டோபர் 29, காலை நேரம். பிரட்டுக்குப் போனவர்கள் திரும்பி வந்து பார்த்தபோது லயம் இருந்த இடத்தில் மண்தான் இருந்தது. அந்த இடம் ஆபத்தானது, ஆட்களை வேறிடத்தில் குடியமர்த்துங்கள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது. இதைப் பற்றி நம் மேடைகளில் நிறையப் பேசியிருக்கிறோம். தப்பியவர்களின் கதையைத்தான் குறைவாகப் பேசினோம். அவர்களில் பல குடும்பங்கள் புது வீடு கிடைக்கும்வரை ஏறத்தாழ இரண்டு வருடம் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக் கட்டிடத்தில் இருந்தார்கள். எத்தனை பேருக்கு எத்தனை மலசலகூடம், பிள்ளைத்தாச்சிகள் எங்கே படுப்பது, பிரஷர் மாத்திரை முடிந்தால் யாரைக் கேட்பது? மண்ணுக்குத் தப்பினவர்களுக்கு அதற்குப் பிறகு இருப்பது இந்தக் கேள்விகள்தான்.

நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடமும் ஒருமுறை முகாமானது. நாலு லயத்துச் சனம், இரண்டு மலசலகூடம். பீலித் தண்ணீர் செம்மண்ணாக வந்தது. விறகு நனைந்துபோனதால் காய்ச்சிக் குடிக்கவும் வழியில்லை. மூன்றாம் நாள் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். சீனி வருத்தக்கார ஆத்தா ஒருவர் மாத்திரையையும் கிளினிக் கொப்பியையும் காம்பராவிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். “உசிரக் காப்பாத்தவே நேரமில்ல, கொப்பிய எங்க தேடுறது” என்றார். நியாயம்தானே. ஐந்தாம் நாள் அவரைக் கொழுந்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பாதை உடைந்திருந்ததால் 1990 அம்பியூலன்ஸ் எங்கள் டிவிசனுக்கு வர முடியவில்லை. பிழைத்துக்கொண்டார், ஆனால் ஒரு காலின் இரண்டு விரல்கள் போய்விட்டன. அனர்த்தக் கணக்கில் அந்த விரல்கள் எழுதப்படவில்லை.

அதற்குப் பிறகு தோட்ட அனர்த்தத் திட்டத்தை வாங்கிப் பார்த்தேன். எந்த லயம், எந்தப் பாதை, எந்தக் கட்டிடம் என்று எல்லாம் இருந்தது. தோட்ட வைத்திய உதவியாளர் பெயர் இல்லை. மருத்துவிச்சியை ஒரு கூட்டத்துக்கும் கூப்பிடவில்லை. எந்தக் காம்பராவில் எத்தனை மாதப் பிள்ளைத்தாச்சி இருக்கிறாள் என்று இந்தத் தோட்டத்தில் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்! ஸ்டோர் கூரையில் ஓட்டை விழுந்தால் அன்றைக்கே தகரம் வருகிறது, அதையும் சொல்லிவைக்கிறேன்.

ஆகவே நமது கோரிக்கை இது. பிரதேச செயலகத்தில் அனர்த்தக் கூட்டம் நடக்கும்போது சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகமும் நமது கமிட்டியும் ஒரே மேசையில் இருக்க வேண்டும். முகாமாகும் பள்ளிக்கூடத்தின் தண்ணீரையும் மலசலகூடத்தையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மழைக்கு முன்னமே வந்து பார்க்க வேண்டும்.

இன்னொன்று, எலிக்காய்ச்சல். மழை விட்டதும் கான் வெட்டவும் சேறு அள்ளவும் நம் ஆட்களைத்தான் அனுப்புவார்கள். எலியின் மூத்திரம் கலந்த தண்ணீர் காலில் உள்ள காயம் வழியே உடம்புக்குள் போகும். அட்டை கடித்த புண் இல்லாத கால் நம்மிடம் ஏது? பூட்ஸ் தராமல் சேற்றில் இறங்கச் சொன்னால் இறங்க வேண்டாம், கமிட்டிக்குச் சொல்லுங்கள். இதற்கு முன்கூட்டியே கொடுக்கும் மாத்திரை ஒன்று உண்டு. யாருக்கு, எவ்வளவு என்பதைச் சுகாதாரப் பகுதிதான் தீர்மானிக்க வேண்டும். கடையில் வாங்கி விழுங்காதீர்கள். சேற்றில் வேலை செய்தபின் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் பனடோலோடு படுத்துக்கொள்ளாமல் ஆஸ்பத்திரிக்குப் போய், சேற்றில் இறங்கியதைச் சொல்லுங்கள்.

வீட்டிலும் ஒரு வேலை இருக்கிறது. கிளினிக் கொப்பி, ஒரு கிழமைக்கான மாத்திரை, பிள்ளையின் தடுப்பூசி அட்டை, எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பையில் கட்டிக் கதவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கவிடுங்கள். ராத்திரி ஓடும்போது கை தானாக அங்கே போக வேண்டும்.

இன்று தலைவிகளுக்கு லயத்துக்கு ஒரு தாள் தருகிறோம். நடக்க முடியாதவர், பிள்ளைத்தாச்சி, கைப்பிள்ளைக்காரி, தினமும் மருந்து எடுப்பவர், அவரைத் தூக்கிப் போகப் பொறுப்பான ஆள் யார் என்று எழுத வேண்டும். வருத்தத்தின் பெயரைப் பிரட்டுக்களத்தில் சத்தமாகக் கேட்காதீர்கள், வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். அடுத்த சம்பள நாளைக்குள் தாள்கள் என் கைக்கு வந்தால், ஒரு பிரதியை மருத்துவிச்சியிடமும் இன்னொன்றைக் கிராம உத்தியோகத்தரிடமும் நானே கொண்டுபோய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வருகிறேன்.