கைதானவர் எங்கே இருக்கிறார்? தேடிக் கண்டுபிடிக்கும் வழி

(நம் சங்கத்தின் மாலைக் கூட்டத்தில், வளாகத்தில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற வழக்கறிஞர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

லிஃப்ட் பராமரிப்புக் கூட்டத்துக்குக் கூட இத்தனை பேர் வந்ததில்லை என்று செயலாளர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மாலையை ஒதுக்கி வந்திருக்கிறீர்கள், நன்றி.

நான் ஏன் இந்தத் தலைப்பை எடுத்தேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நம் வளாகத்தில் இரண்டு மூன்று வீடுகளில் வேலை பார்க்கும் ஓர் அம்மா சில மாதங்களுக்கு முன்பு ஒரு சாயங்காலம் என் வீட்டுக் கதவைத் தட்டினார். "சார், பையனை நேத்து ராத்திரி கூட்டிட்டுப் போயிட்டாங்க சார். எங்க வச்சிருக்காங்கன்னே தெரியல" என்றார். பையனுக்கு 19 வயது. அவர் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம்.

இரவே அவர் வீட்டுப் பக்கத்துக் காவல் நிலையத்துக்குப் போயிருக்கிறார். "இங்க இல்லம்மா" என்றார்கள். அடுத்த நிலையத்திலும் அதே பதில். நடுவில் ஒருவர் "நான் கண்டுபிடிச்சுத் தரேன்" என்று 5,000 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். பிறகு போனை எடுக்கவில்லை. என்னிடம் வரும்போது மாலை ஆறு மணி. நான் கட்டுப்பாட்டு அறையில் கேட்டு, அங்கிருந்து சரியான நிலையத்தைப் பிடித்தபோது விஷயம் தெரிந்தது. வேறொரு நிலையத்தில் பதிவான வழக்கு. அன்று மதியமே பையனை மாஜிஸ்திரேட் முன்பு நிறுத்தி, ரிமாண்ட் செய்து, புழலுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இந்த அம்மா தப்பான நிலையத்து வாசலில் நின்றுகொண்டிருந்த நேரத்தில், பையன் வக்கீல் இல்லாமல் நீதிமன்றத்தில் நின்றிருக்கிறான். அவன் குற்றம் செய்தானா இல்லையா என்பது நீதிமன்றம் சொல்ல வேண்டியது. எனக்கு உறுத்தியது வேறு. இடம் தெரிந்திருந்தால் அவன் பக்கத்தில் தாயும் ஒரு வக்கீலும் இருந்திருப்பார்கள். அந்த ஒரு நாள் திரும்பி வராது.

இனி வழிக்கு வருகிறேன். நான்கு இடங்கள்: காவல் நிலையம், குற்ற எண், நீதிமன்றம், சிறை. இந்த வரிசையில் தேடுங்கள். நேராகச் சிறைக்குப் போய்ப் பெயரைச் சொல்லித் தேடினால் பெரும்பாலும் அலைச்சல்தான்.

முதலில் காவல் நிலையம். அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவுப்படி, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்பு நிறுத்த வேண்டும். 1996-இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் கைதுக்கான நெறிமுறைகளை வகுத்தது. இப்போது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அவை சட்டப் பிரிவுகளாகவே இருக்கின்றன. 48-ஆம் பிரிவு, கைதானவர் எங்கே வைக்கப்பட்டிருக்கிறார் என்பதை உறவினருக்கோ நண்பருக்கோ சொல்ல வேண்டும் என்கிறது. 37-ஆம் பிரிவு, ஒவ்வொரு மாவட்டத்திலும் கட்டுப்பாட்டு அறை வேண்டும், ஒவ்வொரு நிலையத்திலும் கைதானவர்களின் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மை ஆகிய விவரங்களைப் பராமரிக்க உதவி சார்பு ஆய்வாளர் (ஏ.எஸ்.ஐ.) தரத்துக்குக் குறையாத ஓர் அதிகாரி வேண்டும், அந்த விவரம் எல்லோருக்கும் தெரியும்படி வைக்கப்பட வேண்டும் என்கிறது. அதனால், பக்கத்து நிலையத்தில் "இல்லை" என்றால் திரும்பி வந்துவிடாதீர்கள். 112-க்கு அழையுங்கள், கட்டுப்பாட்டு அறையில் கேளுங்கள். கூட்டிப் போன நேரம், இடம், வண்டி எண், வந்தவர்கள் சீருடையில் இருந்தார்களா என்பதையெல்லாம் உடனே ஒரு தாளில் எழுதி வையுங்கள். பின்னால் அதுதான் சாட்சி.

இரண்டாவது, குற்ற எண். எஃப்.ஐ.ஆர். எண்ணைத்தான் நம் ஊரில் கிரைம் நம்பர் என்கிறோம். நிலையத்தின் பெயர், எண், ஆண்டு, இந்த மூன்றும் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. 2016-இல் உச்ச நீதிமன்றம், எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உத்தரவிட்டது. பாலியல் குற்றம், போக்சோ, தீவிரவாதம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. தமிழ்நாடு காவல்துறையின் இணைய சேவைப் பக்கத்தில் எஃப்.ஐ.ஆரைப் பார்க்கலாம்.

பெயரை வைத்து மட்டும் ஏன் தேடக் கூடாது? நம் பெயர்கள் அப்படி. செந்தில் என்பதை ஆங்கிலத்தில் ஒருவர் 'டி' போட்டு எழுதுவார், இன்னொருவர் 'டிஹெச்' போடுவார். இனிஷியல் முன்னால் வரும், பின்னால் வரும். எஃப்.ஐ.ஆரில் "குமார் என்கிற..." என்று பட்டப்பெயர் சேர்ந்திருக்கும். அப்பா பெயர், வயது, ஊர் மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அதே பெயரில் வேறொருவரைப் பார்த்துவிட்டு வீட்டில் அழுது புரண்ட குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, நீதிமன்றம். இ-கோர்ட்ஸ் செயலியைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள், இலவசம்தான். காவல் நிலையம் மற்றும் எஃப்.ஐ.ஆர். எண் வழியாகவும், கட்சிக்காரர் பெயர் வழியாகவும் தேடலாம். 16 இலக்கம் கொண்ட சி.என்.ஆர். எண் கிடைத்துவிட்டால் வாய்தா தேதியெல்லாம் அதிலேயே தெரியும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: குற்றப்பத்திரிகை தாக்கலாகும் முன் வழக்கு அதில் காட்டாமல் போகலாம். பயப்பட வேண்டாம், ஜாமீன் மனு போட்டால் அது தெரியவரும்.

வக்கீலுக்குப் பணமில்லையே என்றால் 15100. இது சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச எண். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. அந்த அம்மாவுக்கும் அப்படித்தான் வக்கீல் கிடைத்தார். பையன் இப்போது ஜாமீனில் வெளியே இருக்கிறான். வழக்கு நடக்கிறது.

நான்காவது, சிறை. சென்னையில் பழைய மத்திய சிறை 2006-இல் புழலுக்கு மாறிவிட்டது. அங்கே தண்டனைக் கைதிகளுக்கு ஒரு சிறை, விசாரணைக் கைதிகளுக்கு ஒரு சிறை, பெண்களுக்குத் தனிச் சிறை என்று இருக்கின்றன. "புழல்" என்று மட்டும் சொன்னால் போதாது. எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். 18 வயதுக்குக் கீழே என்றால் சிறையில் தேடவே கூடாது. இளைஞர் நீதிக் குழுமம், கூர்நோக்கு இல்லம் என்று அது வேறு பாதை. பார்க்கப் போவதை நாம் "மனு போடுவது" என்போம். அதற்கு இ-முலாகத் என்ற இணையப் பதிவு இருக்கிறது. ஆனால் எந்தச் சிறை என்பதை அதில் நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அதனால்தான் முதல் மூன்று படிகளையும் அவ்வளவு நேரம் சொன்னேன். போகும்போது அடையாள அட்டையை மறக்காதீர்கள்.

24 மணி நேரம் தாண்டியும் எங்குமே தகவல் இல்லை என்றால்? அந்தக் காலத்தில் கமிஷனருக்குத் தந்தி கொடுப்போம், நேரத்தோடு பதிவாகிவிடும். 2013-இல் தந்தி போய்விட்டது. இப்போது மின்னஞ்சலும் விரைவுத் தபாலும் அனுப்புங்கள். அடுத்தது உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு.

முன்வரிசையில் ஒரு சார் கேட்டார், "என் மகன் அமெரிக்காவில் இருக்கிறான், அங்கே எப்படி?" என்று. நல்ல கேள்வி, இங்கே பாதி வீடுகளில் பிள்ளைகள் வெளியூர்தான். அங்கே பெயரைப் போட்டு யார் வேண்டுமானாலும் தேடலாம். ஆனால் ஒரே பட்டியல் கிடையாது. கைதானவுடன் பெரும்பாலும் கவுண்டி சிறைதான். அந்தக் கவுண்டி ஷெரிஃப் பக்கத்தில் பாருங்கள். மாநிலச் சிறைகளுக்கு அந்தந்த மாநிலத்தின் தேடல். மத்தியச் சிறைகளுக்குத் தனித் தேடல், அதில் 1982 முதலான பெயர்கள் இருக்கின்றன. விசா சம்பந்தமாகக் குடியேற்றத் துறை பிடித்திருந்தால் அதற்கு வேறு தேடல்: பெயரோடு பிறந்த நாட்டையும் கொடுக்க வேண்டும், பெயர் எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். அப்பா பெயர் கடைசிப் பெயராகிவிடும் நம் வழக்கத்தை நினைத்து, பாஸ்போர்ட்டில் இருப்பதைப் பார்த்தே தட்டச்சு செய்யுங்கள். 1963-ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தப்படி, நம் தூதரகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லிக் கேட்க அவருக்கு உரிமை உண்டு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. "உங்க பையனை அரெஸ்ட் பண்ணிட்டோம், பணம் அனுப்புங்க" என்று வீடியோ காலில் வந்தால் அது மோசடி. "டிஜிட்டல் கைது" என்று சட்டத்தில் எதுவும் கிடையாது. போனை வையுங்கள், பையனுக்கு அழையுங்கள், அப்புறம் 1930-க்குச் சொல்லுங்கள்.

கடைசியாக, நம் வளாகத்துக்கென்று ஒன்று. அந்தப் பையன் விஷயம் தெரிந்தவுடன் நம் வாட்ஸ்அப் குழுவில் அவன் பெயரும் படமும் வந்தன. "இனி அந்தம்மா வேண்டாம்" என்று இரண்டு பேர் எழுதினார்கள். 2022-ஆம் ஆண்டு அரசுக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், தீர்ப்பு வராதவர்கள். இணையத்தில் தேடும் வசதி, காணாமல் தவிக்கும் குடும்பத்துக்காக. அடுத்த வீட்டுக்காரர் பெயரைப் போட்டுப் பார்த்துக் குழுவில் பகிர்வதற்காக அல்ல.

கைதுக் குறிப்பில் குடும்பத்தாரோ அந்தப் பகுதியில் மதிக்கத்தக்க ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நம் வாசலில் அப்படி ஒன்று நடந்தால், சங்கத்திலிருந்து ஒருவர் இறங்கி வந்து, எந்த நிலையம், எந்த வழக்கு என்று மரியாதையாகக் கேட்டு எழுதி வைத்தாலே போதும். 112, 15100, 1930 மூன்றையும் செக்யூரிட்டி அறையில் ஒட்டி வைக்கச் செயலாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அந்த அம்மா இன்றும் நம் வளாகத்துக்கு வேலைக்கு வருகிறார். பார்த்தால் ஒரு வார்த்தை பேசுங்கள்.