கருப்பைக் கட்டியும் கத்தியில்லா மருத்துவமும்

கல்வியின் பயன் வேலை பெறுவதோடு முடிந்துவிடுவதில்லை. மருத்துவர் எதிரே அமர்ந்து, "இதற்கு வேறு வழி உண்டா?" என்று கேட்கும் துணிவும் கல்வியின் பயனே. அத்துணிவு நம் பெண்மக்களுக்கு வேண்டும் என்பதற்காகவே இன்று சில செய்திகளைக் கூற விழைகிறோம்.

கருப்பையின் தசையில் வளரும் தீங்கற்ற கட்டியைப் 'பைப்ராய்டு' என்பர். இது புற்றுநோயன்று. பலருக்கு இதனால் தொல்லையே இராது. சிலருக்கு மிகுந்த உதிரப்போக்கும் இரத்தசோகையும் அடிவயிற்றில் பாரமும் தோன்றும். அந்நிலையில் கருப்பையையே எடுத்துவிட வேண்டும் என்று பலரும் எண்ணுகின்றனர்.

வேறு வழியும் உண்டு. பாரிஸ் மருத்துவர் ஜாக் ரவினாவும் அவர்தம் குழுவினரும் 1995-இல் அதனை 'லான்செட்' இதழில் வெளியிட்டனர். அறுவையின்போது இரத்தச் சேதம் குறைய வேண்டுமென்று, முன்கூட்டியே கருப்பைத் தமனிகளை அவர்கள் அடைத்தனர். அதன்பின் பலருக்கு நோய்க்குறிகள் தணிந்து, அறுவையே தேவைப்படாமற் போயிற்று.

தொடையிடுக்கிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, எக்ஸ்ரே திரையில் பார்த்தவாறே கருப்பைத் தமனியை அடைகின்றனர். ஒரு மில்லிமீட்டரினும் சிறிய துகள்களை அங்கே விடுகின்றனர். இரத்தம் கிடைக்காத கட்டி சில திங்களில் சுருங்குகிறது. வயிற்றைக் கிழிப்பதில்லை, முழு மயக்கமும் பெரும்பாலும் வேண்டுவதில்லை.

குறைகளையும் மறைத்தல் கூடாது. முதல் நாளில் வலி கடுமையாக இருக்கும். சிலருக்குக் கிருமித் தொற்று நேரலாம். 45 அகவை கடந்தோருள் சிலருக்கு மாதவிலக்கு நின்றுவிடுவதும் உண்டு. இனி மகப்பேறு விரும்புவோரும், புற்றுநோய் ஐயம் உள்ளோரும் தீர ஆராய்ந்தே முடிவெடுத்தல் வேண்டும்.

இச்செய்தி நமக்கு ஏன் இன்றியமையாதது? பீகார், சத்தீஸ்கர், இராசஸ்தான் மாநிலங்களில் தேவையின்றிப் பெண்களின் கருப்பை அகற்றப்பட்டது குறித்து டாக்டர் நரேந்திர குப்தா வழக்குத் தொடுத்தார். பாதிக்கப்பட்டோருள் பட்டியல் சாதிப் பெண்கள் இருந்தமை அவ்வழக்கில் எடுத்துரைக்கப்பட்டது. இதனைத் தடுக்கும் மைய அரசின் நெறிமுறைகளை 3 திங்களுக்குள் ஏற்குமாறு மாநிலங்களை 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் பணித்தது.

ஆகவே இளைஞர்களே, தாயோ தமக்கையோ மருத்துவமனைக்குச் செல்லும்போது உடன் செல்வோம். கட்டி எங்குள்ளது, அதன் அளவென்ன, மருந்தால் தணியுமா, கட்டியை மட்டும் எடுக்க இயலுமா, தமனியை அடைக்கும் முறை பொருந்துமா என்று கேட்போம். ஒப்புதல் தாளை வரிவரியாகப் படித்துக் காட்டுவோம். கைநாட்டு வைக்கும் தாயின் அருகில் படித்த பிள்ளை நிற்குமாயின், இச்சங்கத்தின் 25 ஆண்டு உழைப்பு வீண்போகவில்லை என்று நாம் மனநிறைவு கொள்ளலாம்.