கோடிட்ட இடமும் கூடிவரும் சொல்லும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் நம் போன்ற குமாஸ்தாக்களுக்குச் சொல்லாராய்ச்சி எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும், 'கோடிட்ட இடத்தை நிரப்புக' என்னும் கட்டளைக்கு நம்மைப்போல் நாள்தோறும் பணிபவர் வேறு யாவர்? நம் படிவங்கள் யாவும் கோடிட்ட இடங்களே. ஓட்டுநர் கையில் நிலைய அதிகாரி எழுதிக் கொடுக்கும் 'லைன் கிளியர்' சீட்டும் அச்சிட்ட வாக்கியமும் வெற்றிடமுமாகவே இருக்கிறது. அவ்விடத்தில் பொருந்தாத சொல் விழுந்தால் போவது மதிப்பெண் அன்று; உயிர்.

நிற்க. நம் குழந்தைகள் எழுதும் சொல்வளத் தேர்வுகளைப் பார்ப்போம். பள்ளித் தேர்விலும், பாங்கு வேலைக்கான தேர்விலும், மத்திய அரசுப் பணியாளர் தேர்விலும் இவ்வகை வினாக்கள் தவறாது இடம் பெறுகின்றன. 1953ஆம் ஆண்டில் வில்சன் டெய்லர் என்னும் அமெரிக்கர், ஒரு பத்தியில் இடையிடையே சொற்களை நீக்கிவிட்டு, படிப்பவர் அவற்றை நிரப்பும் அளவைக் கொண்டு அப்பத்தி எளியதா கடியதா என்று அளக்கும் முறையை வகுத்தார். பின்னர் அதுவே மொழியறிவைச் சோதிக்கும் கருவியாகவும் பரவியது.

சரியான சொல்லைத் தேர்வது எங்ஙனம்? முதலாவது, வாக்கியத்தை இறுதிவரை படித்தல் வேண்டும். "மழை பலமாகப் பெய்தது, ____ வண்டி நேரத்திற்கு வந்தது" என்ற இடத்தில் 'ஆகையால்' பொருந்தாது, 'ஆயினும்' என்பதே பொருந்தும். பின்பாதியைப் படியாதவன் இதனை அறியான். இரண்டாவது, திணை, பால், எண் ஆகியவற்றை நோக்குதல் வேண்டும். 'பசுக்கள்' என்று தொடங்கினால் 'மேய்ந்தன' என்றே முடிய வேண்டும். 'மேய்ந்தனர்' என்று முடிதல் ஆகாது.

இவ்விரண்டும் ஆசிரியர் கற்பிக்கக்கூடியவை. மூன்றாவதொன்று உளது, அதுவே கடினமானது. "குயவன் பானை ____" என்று கொடுத்து, செய்தான், முடைந்தான், வனைந்தான், நெய்தான் என நான்கு விடைகளும் தந்தால், 'செய்தான்' என்று எழுதும் பிள்ளையின் கருத்தில் பிழையில்லை. எனினும் பானையை வனைய வேண்டும். கூடையை முடைய வேண்டும். ஆடையை நெய்ய வேண்டும். அம்பை எய்ய வேண்டும். யானை பிளிறும், குதிரை கனைக்கும், மயில் அகவும். வாழைக்கு இலை, தென்னைக்கு ஓலை, நெல்லுக்குத் தாள். இதற்குக் காரணம் கேட்டால், 'மரபு' என்பதே விடை. தொல்காப்பியம் மரபியல் என்று ஓர் இயலையே வகுத்தது. பவணந்தி முனிவரின் நன்னூல் எழுவகை வழுக்களில் மரபு வழுவையும் ஒன்றாக வைத்தது.

ஒவ்வொரு மொழிக்கும் அதனதன் சொற்சேர்க்கை உண்டு. நாம் வாழும் இவ்வங்க நாட்டிலே, சோற்றுக்கும் தண்ணீருக்கும் தேநீருக்கும் சிகரெட்டுக்கும் 'உண்ணுதல்' என்னும் ஒரே வினையை வழங்குகின்றனர். அவர்களுக்கு மழை 'விழுகிறது'. இந்தி பேசுவோருக்குக் காற்று 'நடக்கிறது'. அவை அம்மொழிகளுக்கு அழகே, குறையன்று. "காப்பி சாப்பிடுங்கள்" என்று விருந்தினரை உபசரிக்கும் நாமும் நகைப்பதற்கில்லை! ஆனால் நம் காலனிப் பிள்ளை, "மழை விழுகிறது, காற்று நடக்கிறது" என்று தமிழ்த்தாளில் எழுதும்போது, அதனை வெறும் தேர்வுப் பிழை என்று தள்ளிவிடலாகாது. மழை பெய்கிறது, காற்று வீசுகிறது, இடி இடிக்கிறது, மின்னல் வெட்டுகிறது என்னும் சொற்கள் அப்பிள்ளையின் செவியில் போதிய அளவு விழவில்லை என்பதே அதன் பொருள். அக்கோடிட்ட இடம் உண்மையில் நம் வீட்டில் இருக்கின்றது.

அகராதி ஒரு சொல்லின் பொருளைத் தரும். அச்சொல் எதனோடு கூடி வாழும் என்பதை வீட்டுப் பேச்சே முதலில் தரும். நாமோ அலுவலகத்தில் ஆங்கிலமும், கடைத்தெருவில் வங்காளியும், அண்டை வீட்டாரோடு இந்தியும் பேசிக் களைத்து, வீட்டிற்கு வந்ததும் 'பண்ணு', 'போடு' என்னும் இரண்டு வினைகளாலேயே தமிழை நடத்திவிடுகின்றோம். சமையல் பண்ணு, குளியல் பண்ணு, போன் பண்ணு, சட்டை போடு, சண்டை போடு! இங்ஙனம் வளரும் பிள்ளை 'வனைந்தான்' என்பதை எங்ஙனம் தேர்ந்தெடுக்கும்? விடுமுறைக்கு ஊர் சென்றால், பாட்டியின் பேச்சில் பாதியை விளங்காமல் விழித்து நிற்கின்றது. பாட்டிக்கும் பேரனுக்கும் இடையே அவ்வாறு விழும் இடைவெளியை எந்த வினாத்தாளும் நிரப்பாது.

ஆதலின் ஒரு சிறு வேண்டுகோள். இரவு உணவு வேளையில், ஒவ்வொரு வீட்டிலும் ஐந்து வாக்கியங்களைப் பாதியில் நிறுத்திப் பிள்ளைகளை முடிக்கச் செய்யுங்கள். "பாட்டி பூ ____" என்றால் ஒரு பிள்ளை 'தொடுத்தாள்' என்னும். மற்றொன்று 'பறித்தாள்' என்னும். இரண்டும் சரியே, எப்போது எது என்று பேசுங்கள். தவறினால் கடிந்துகொள்ளாமல், சரியான சொல்லை மறுநாள் பேச்சில் இருமுறை வழங்குங்கள். ஊரிலுள்ள பெரியோரோடு தொலைபேசியில் பேசுகையில் பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். செலவில்லாத வகுப்பு இது.

வயிற்றுப்பாட்டிற்காக ஊரை விட்டு வந்தோம். மொழியை விட்டு வரவில்லை. அதனைப் பிள்ளைகளின் நாவில் நிறைத்து வைப்பது நம் கடன்.