தூக்கத்தை விரட்டும் குளிசை

(தோட்டத்துப் பெற்றோர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் பேசியதன் எழுத்து வடிவம்)



சாராயத்தைப் பற்றியும் கசிப்பைப் பற்றியும் இந்த மண்டபத்தில் எத்தனையோ தடவை பேசியாச்சு. இன்றைக்கு அதை விட்டுவிடுவோம். குடிச்சவன் லயத்துக்கு வந்தா வாடை வரும், சத்தம் வரும், பக்கத்துக் காம்பராவுக்கும் தெரியும். நான் சொல்ல வந்த சாமானுக்கு வாடையும் இல்லை, சத்தமும் இல்லை. அது வைத்தியர் துண்டு எழுதிக் கொடுக்கிற குளிசை.

சில பிள்ளைகளுக்கு ஒரு இடத்தில் இருக்க ஏலாது. டீச்சர் சொன்னது மனதில் நிற்காது, எடுத்த வேலை முடியாது. அப்படியான பிள்ளையை பெரிய ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் பரிசோதித்து, தேவை என்று கண்டால் மெதில்பெனிடேட் என்ற மருந்து கொடுப்பார்கள். ரிட்டலின் என்றால் சிலருக்குத் தெரியும். 1954 இல் விற்பனைக்கு வந்த பழைய மருந்து. வைத்தியர் பார்த்துக் கொடுக்கும் அளவில் அந்தப் பிள்ளைக்கு அது நல்ல மருந்துதான். என் பேச்சைக் கேட்டுவிட்டு எந்தத் தாயும் பிள்ளையின் குளிசையை நிறுத்திவிடாதீங்க. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கரைச்சல் எங்கே வருகிறது என்றால், தம்பியின் குளிசையை ஏ.எல். படிக்கிற அண்ணன் இரவில் கண் விழிக்க எடுத்துப் போடும்போது. கொழும்பில் கடைவேலைக்குப் போன பையன், இரவு வேலைக்குத் தெம்பு என்று கூட்டாளி கையிலிருந்து வாங்கும்போது. துண்டு இல்லாமல் கை மாறி வருகிற குளிசையில் உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்குகிறவனுக்கும் தெரியாது, விற்கிறவனுக்கும் தெரியாது.

"தேத்தண்ணி குடிச்சாலும் தூக்கம் போகுதுதானே சார்?" என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. நாம பறிக்கிற கொழுந்திலும் கஃபீன் என்ற சரக்கு இருக்கு. ஆனால் அது மெதுவானது. இந்தக் குளிசை மூளையில் டோபமின் என்ற ஒன்றை ஏற்றிவிடுகிறது. சந்தோஷம் வரும்போது இயல்பாகச் சுரக்கிறதும் அதுதான். அதனால் முதலில் தெம்பு வரும், பேச்சு வரும், பசி தெரியாது. உடம்பின் களைப்பு அப்படியேதான் இருக்கும், அது ஆளுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். கடையில் கொப்பிக்குச் சாமான் வாங்குகிற மாதிரி. பிறகு நெஞ்சு படபடக்கும், பிரசர் ஏறும், உடம்பு வற்றும். தொடர்ந்து கூட்டிக்கூட்டிப் போட்டால் யாரோ பின்னால் வருகிற மாதிரியும், பேசுகிற மாதிரியும் தோன்றும். அதைப் பேய்க்கோளாறு என்று மந்திரிக்கக் கொண்டுபோன வீடும் எனக்குத் தெரியும்.

வேலையாட்களை விழிக்க வைக்கக் குளிசை கொடுத்தால் என்ன ஆகும் என்பதை ஜப்பான் பார்த்திருக்கிறது. அங்கே ஹிரோபொன் என்ற பெயரில் இதைவிடக் கடுமையான ஒரு குளிசை 1941 இல் கடைக்கு வந்தது. களைப்பு நீங்கும், தூக்கம் போகும் என்றுதான் விளம்பரம். உள்ளே இருந்தது இன்றைக்கு நம்ம நாட்டுப் பொலிஸார் 'ஐஸ்' என்று பிடிக்கிற அதே சரக்கு. யுத்தம் 1945 இல் முடிந்ததும் மிஞ்சியதெல்லாம் வெளியே வந்தது. 1951 இல் சட்டம் போட்டார்கள். அப்படியும் 1954 இல் மட்டும் 55,000 பேருக்கு மேல் கைதானார்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். விடுகிற கஷ்டம்.

எனக்குத் தெரிந்த ஒரு பையன், எந்தத் தோட்டம் என்று சொல்ல மாட்டேன், கொழும்பிலிருந்து தீபாவளிக்கு வந்தவன், இனிமேல் போடுவதில்லை என்று தானாகவே நிறுத்தினான். மூன்று நாள் தூங்கினான். எழும்பினால் அகோரப் பசி. சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுக்கை. அதற்குப் பிறகு தூக்கமும் சரியில்லை, ஒன்றிலும் பிடிப்பு இல்லை, ஸ்தோப்பில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருப்பான். தகப்பனுக்கு விஷயம் தெரியாது. "கொழும்புக்குப் போய் சோம்பேறியா வந்திருக்கான்" என்று ஏசி, கவ்வாத்து வெட்ட அனுப்பினார். அந்தக் கிழமையே பையன் கொழும்புக்கு ஓடிவிட்டான். குளிசையும் திரும்பத் தொடங்கியது.

அந்தத் தகப்பன் கெட்டவர் இல்லை. ஒரு காம்பராவில் ஆறு பேர், பெரட்டுக்குப் போகிற அவசரம், பகலில் படுத்திருக்கிற ஆளைப் பார்த்தால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால் அந்தத் தூக்கம் சோம்பல் இல்லை, கொப்பிக்கடன் கட்டுகிற நேரம். ஆளைப் பொறுத்து அந்தச் சோர்வு சில நாளும் இருக்கும், பல கிழமையும் இழுக்கும். குளிசை மேல் ஆசை மாதக்கணக்கில் வந்து வந்து போகும். இதற்கென்று ஒரு மாற்று மருந்தும் இல்லை. தூக்கம், சாப்பாடு, ஆலோசனை, கூட இருக்கிற ஆள், இவைதான்.

அடுத்த முறை அவன் வந்தபோது தாய் டிஸ்பென்சரி ஐயாவிடம் சொன்னார். அவர் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார். அப்பாயி காம்பராவில் ஒரு மூலையை ஒதுக்கி, பகலில் பிள்ளைகளைச் சத்தம் போட விடாமல் பார்த்துக்கொண்டார்கள். காசை அவன் கையில் கொடுக்கவில்லை, தகப்பன்தான் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நடுவில் ஒருதரம் வழுக்கி விழுந்தான். அப்போதும் வீட்டை விட்டு விரட்டவில்லை. இன்னும் கிளினிக்குக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறான்.

ஒன்றை மட்டும் சாதாரணமாக எடுக்காதீங்க. குளிசையை விட்ட நாட்களில் "நான் இருந்து என்ன" என்று பிள்ளை பேசினால் தனியாக விடக்கூடாது. தோட்டத்து மருந்து, கயிறு எல்லாம் கைக்கு எட்டாமல் வையுங்க. இரவு என்றாலும் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்குக் கோல் எடுங்க. நெஞ்சு வலி, வலிப்பு என்றால் 1990 அம்புலன்ஸ், காசு தேவையில்லை. விடுவதற்கு உதவி கேட்க 1927 இருக்கு, அது அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம். அவர்களுடைய சிகிச்சை நிலையம் ஒன்று கண்டியிலும் இருக்கிறது.

வீட்டில் கிளினிக் குளிசை இருந்தால் பெட்டியில் பூட்டி, எண்ணி வையுங்க. சின்னவனுக்குத் தாயே தன் கையால் கொடுக்கட்டும். எண்ணிக்கை குறைந்தால் சண்டை போடாமல் என்னிடமோ டிஸ்பென்சரி ஐயாவிடமோ வந்து சொல்லுங்க. பெரட்டில் வைத்துச் சொல்ல வெட்கமாக இருந்தால் பின்னேரம் நிறுவை முடிந்த பிறகு வாங்க, அந்த நேரம் நான் பிள்ளைக் காம்பராவில்தான் இருப்பேன்.