வண்ணத்துப்பூச்சித் தோட்டத்துக்குப் போகும்போது



பள்ளிக்கூட விடுமுறை வந்துவிட்டால், ஈப்போவிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் உறவுக்காரர்கள் கேமரன் மலைக்கு வந்துவிடுவார்கள். வந்தவர்களை எங்கே அழைத்துப் போவது? தேயிலையை நாம் காட்ட வேண்டியதில்லை. அது சாலையிலிருந்தே தெரிகிறது. ஆகவே, பிரிஞ்சாங்கைத் தாண்டி கியா பார்ம் பக்கத்திலுள்ள வண்ணத்துப்பூச்சித் தோட்டங்களுக்குப் போகிறோம். வலை போர்த்திய கூடாரம், உள்ளே பூச்செடிகள், அவற்றின்மேல் பூச்சிகள். பக்கத்தில் பெட்டிகளில் இலைப்பூச்சி, குச்சிப்பூச்சி, கொம்பு வண்டு, தேள், பாம்பு. சிறிய இடந்தான். ஒரு மணி நேரத்தில் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுகிறோம். நமக்குப் பின்னால் அடுத்த பேருந்து வந்து நிற்கிறது. நம் பிள்ளை தொட்ட அதே பூச்சியை அடுத்த பிள்ளையும் தொடுகிறது, மாலைவரை இப்படியே. பார்க்க வருகிறவர்களின் ஆசைக்கும் அந்த உயிர்களின் நலத்துக்கும் உள்ள இழுபறியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

அங்கே எல்லாரும் தேடுவது ராஜா புரூக் என்ற பெரிய வண்ணத்துப்பூச்சியை. ஆல்பிரட் ரசல் வாலஸ் என்ற இயற்கை ஆய்வாளர் 1855-ஆம் ஆண்டில் சரவாக்கை ஆண்ட ஜேம்ஸ் புரூக்கின் பெயரை அதற்குச் சூட்டினார். கறுப்புச் சிறகில் ரம்பப் பல் போலப் பச்சை முக்கோணங்கள், கழுத்தில் சிவப்பு. இப்படி இருந்தால் அது ஆண். பெண்ணோ பழுப்பு நிறம், சிறகு நுனியில் வெள்ளைத் தீற்றல். ஆண் பூச்சிகள் உப்புச் சத்துக்காக வெந்நீர் ஊற்றுகளிலும் ஆற்றோர ஈர மணலிலும் கூட்டமாக இறங்கும். பெண் பூச்சி மர உச்சியிலேயே இருக்கும்; எளிதில் கண்ணில் படாது. அதன் புழுவும் கண்ட இலையைத் தின்னாது. நம் பெரியவர்கள் ஈசுவரமூலி என்கிறார்களே, அந்த இனத்துக் காட்டுக் கொடிகளே அதற்கு உணவு. கொடி இல்லையேல் குஞ்சும் இல்லை.

ஆகவே, ஒரு கூடாரத்தில் ஆண்களே நிறைந்து, பெண் ஒன்றுகூடக் காணோம் என்றால், இவை இங்கே பிறந்தவையா, ஆற்றோரத்தில் வலை போட்டுப் பிடிக்கப்பட்டவையா என்ற கேள்வி எழத்தான் செய்யும். கேளுங்கள். "எந்தக் கொடியில் வளர்க்கிறீர்கள்? கூட்டுப்புழுக்களைக் காட்டுவீர்களா?" நுழைவுக் கட்டணம் கொடுத்தவர் கேட்பதில் தவறேதும் இல்லை. நன்றாக நடத்துகிறவர் மகிழ்ச்சியோடு காட்டுவார். என்னைக் கேட்டால், பறக்கும் பூச்சியைவிடக் கூட்டைக் கிழித்துக்கொண்டு வெளிவரும் பூச்சியே பார்க்கத் தகுந்த காட்சி.

இந்த மலையின் குளிரைத் தாய்மார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலையில் கொழுந்து பறிக்கப் போகும்போது விரல் விறைத்துப் போகிறதல்லவா? வண்ணத்துப்பூச்சிக்கும் அப்படித்தான். வெயிலில் உடம்பு சூடேறினால்தான் அதனால் பறக்க முடியும். பனியிலும் மழையிலும் அசையாமல் உட்கார்ந்திருக்கும். பார்க்க வந்தவர் விடுவாரா? விரலால் நிமிண்டுகிறார், ஊதுகிறார், சிறகைப் பிடித்துப் பிள்ளையின் மூக்கில் வைத்துப் படம் எடுக்கிறார். கையில் ஒட்டும் வண்ணப் பொடி வெறும் தூசியல்ல. கூரை ஓடு போல அடுக்கடுக்காக இருக்கும் செதில் அது. உதிர்ந்தால் மறுபடி முளைக்காது. குச்சிப்பூச்சியைக் காலைப் பிடித்து இழுத்தால், காலை விட்டுவிட்டுத் தப்பிக்கும். குஞ்சுக்குத் தோலுரிக்கும்போது புதுக்கால் வளரும். முழு வளர்ச்சியடைந்தது மீண்டும் தோலுரிக்காது. அதற்குப் போன கால் போனதுதான்.

பாம்புப் பெட்டிக்கு முன்னால் அடிக்கடி ஒரு குரல் கேட்கும்: "காசு கொடுத்து வந்தோம், உள்ளே ஒன்றையுமே காணோம்!" பெட்டிக்குள் பட்டையும் சருகும் போட்டு, ஒளிந்துகொள்ள இடம் கொடுத்திருப்பார்கள். பாம்பு அதற்குள் நிம்மதியாகச் சுருண்டிருக்கும். இந்தக் குறையைத் தினமும் கேட்கிற முதலாளி என்ன செய்வார்? ஒரு நாள் பட்டையையும் சருகையும் எடுத்துவிடுவார். வெறும் கண்ணாடியும் வெளிச்சமும் மிஞ்சும். வருகிறவர்களுக்குத் திருப்தி, பாம்புக்கு ஒதுங்க இடமில்லை. கண்ணாடியைத் தட்டினால் அந்த அதிர்வு அதன் உடம்பெல்லாம் பாயும். ஆகவே, பாம்பு தெரியவில்லை என்று சண்டை போடாதீர்கள். சற்று நேரம் நின்று சருகுக்குள் தேடச் சொன்னால், பிள்ளைகளுக்கு அதுவே நல்ல விளையாட்டு. தண்ணீர்ப் பாத்திரம் காய்ந்து கிடந்தாலோ, செத்த பூச்சிகள் அள்ளப்படாமல் கிடந்தாலோ, அப்போது குரல் கொடுங்கள். வனவிலங்குத் துறையிடம் புகார் செய்யவும் வழியுண்டு. 1972-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் விலங்குகளைத் துன்புறுத்துவதைத் தடுக்கிறது. ராஜா புரூக்கை அனுமதியின்றிப் பிடிப்பதும் குற்றமே.

இது லயத்து வாசலுக்கும் வரும் பேச்சு. கண்ணாடிச் சட்டத்தில் குத்தி விற்பதற்காக யாராவது பூச்சி கேட்டால், சில வெள்ளிக்கு ஆசைப்பட்டுப் பிள்ளைகள் பிடித்துக் கொடுத்துவிடக்கூடும். பிடித்தவரும் சட்டத்தின் பிடியில் சிக்கக்கூடும். இரவில் விளக்கைத் தேடி வரும் அட்லஸ் அந்துப்பூச்சி இரண்டு கை அகலம் இருக்கும். அதற்கு உண்ண வாய் கிடையாது. புழுவாக இருந்தபோது தின்றதை வைத்து ஒன்றிரண்டு வாரமே வாழும். அதற்குள் துணை தேடி முட்டையிட வேண்டும். அதை நூலில் கட்டி வைத்தால் அந்த நாட்கள் வீணாகிவிடும். வாசல் விளக்கை அணைத்துவிடுங்கள். விடிவதற்குள் அதுவே போய்விடும்.