நஞ்சுண்ட நாயைக் காப்பது எப்படி?
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இயலும் இசையும் முழங்கும் இம்மேடையில் நாயைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணலாம். நம் குடியிருப்பின் வாயிலில் ஆறாண்டுகள் காவல் கிடந்த மணியை மறவாதவர்கள் அவ்வாறு எண்ணமாட்டார்கள். ஊரை விட்டுத் தில்லிக்கு வந்த நம் குழந்தைகளுக்கு, பாட்டி வீட்டுத் திண்ணையில் படுத்திருந்த நாயின் இடத்தை நிரப்பியது அதுவே.

சென்ற குளிர்காலத்தில், மாடிப்படியின் கீழ் எலிக்காக வைத்த நஞ்சுக் கட்டியை மணி தின்றுவிட்டது. வைத்தவரும் நம்முள் ஒருவரே. நாய்க்கென்று அவர் வைக்கவில்லை. நாம் அதைக் கண்டோம். கண்டும் ஒரு கிண்ணம் பால் ஊற்றியதோடு நின்றோம். அன்றும் மறுநாளும் அது வாலை ஆட்டிக்கொண்டு திரிந்தது. பால் நஞ்சை முறித்துவிட்டது என்று மகிழ்ந்தோம். நான்காம் நாள் அதன் ஈறுகள் வெளுத்தன. மூக்கில் குருதி வடிந்தது. மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அன்றிரவே அது மாண்டது. முதல் நாளே வந்திருந்தால் பெரும்பாலும் பிழைத்திருக்கும் என்றார் மருத்துவர். அச்சொல் நம்மை இன்றும் சுடுகிறது.

அவர் விளக்கியவற்றை எடுத்துரைப்பது நம் கடமை. புரோமாடியோலோன் போன்ற எலி நஞ்சுகள், குருதியை உறையச் செய்யும் பொருள்கள் உடலில் உருவாகாமல் தடுக்கின்றன. முன்னரே உள்ள இருப்புத் தீரும் வரை நாய் நலமாகவே தோன்றும். பெரும்பாலும் 3 முதல் 5 நாட்களுக்குள்தான் உள்ளே குருதி கசியும். இதற்கு மாற்று மருந்து வைட்டமின் கே1. அதனைப் பல வாரங்கள் விடாது கொடுத்தல் வேண்டும்.

எலி நஞ்சுகள் எல்லாம் ஒரே தன்மையன அல்ல. கருஞ்சாம்பல் நிறத் தூளாகிய துத்தநாகப் பாஸ்பைடு, வயிற்று அமிலத்தோடு கூடிப் பாஸ்பீன் என்னும் நச்சு வாயுவை வெளியிடும். சோறு போட்டால் அமிலம் சுரந்து வாயு மிகும். நாய் வாந்தியெடுத்தால் அவ்வாயு நம்மையும் தாக்கும். ஆதலால் சன்னல்களைத் திறந்து விலகி நிற்க வேண்டும். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து உண்ட நாய்க்கு உமிழ்நீர் பெருகும், தசை துடிக்கும், மூச்சுத் திணறும். அதற்கு அட்ரோபின் ஊசி உயிர் காக்கும். நம் பாயசத்தில் மிதக்கும் உலர்ந்த திராட்சையும், குழந்தைகள் விரும்பும் சாக்லேட்டும் கூட நாய்க்கு நஞ்சே என்பதை மறவாதிருப்போமாக.

நாம் செய்ய வேண்டுவன சிலவே. எஞ்சிய நஞ்சை அப்புறப்படுத்துக. நஞ்சின் உறையையோ டப்பியையோ கையோடு எடுத்துக்கொள்க. அதிலுள்ள பெயரே மருத்துவருக்கு வழிகாட்டி. உண்ட நேரத்தையும் அளவையும் நினைவிற் கொள்க. உடனே மருத்துவருக்குத் தொலைபேசியில் தெரிவித்துவிட்டுப் புறப்படுக. உண்டு ஏறத்தாழ 2 மணி நேரத்திற்குள் சேர்த்தால், அவர் ஊசியால் வாந்தி வரச் செய்து, தேவையாயின் கரித்தூள் மருந்து கொடுத்து, நஞ்சு உடலில் ஏறாமல் தடுக்க இயலும்.

செய்யத் தகாதனவும் உண்டு. உப்புக் கரைசலைப் புகட்டாதீர்கள். உப்பு மிகுந்து அதுவே உயிரைப் போக்கும். மண்ணெண்ணெயோ அமிலமோ குடித்த நாயையும், மயங்கிய நாயையும், வலிப்புற்ற நாயையும் வாந்தியெடுக்கச் செய்யாதீர்கள். பாலையும் நெய்யையும் நம்பிக் காலம் கடத்தாதீர்கள்.

வேண்டுமென்றே நஞ்சு வைப்போரும் உளர். விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960-ஆம் ஆண்டிலேயே வந்தது. நஞ்சிட்டுக் கொல்வது குற்றமாகும்.

அன்பர்களே! எலி நஞ்சு வைக்குமுன் அண்டை வீட்டார்க்கு அறிவிப்போம்; நாயும் குழந்தையும் எட்டாத மூடிய பெட்டியில் வைப்போம்; இரவிலும் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனையின் எண்ணைச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் எழுதி வைப்போம். மணிக்கு நாம் பட்ட கடன் அவ்வாறேனும் தீரட்டும்.